மேல்வீட்டு ஓவியர் வரைந்த பிள்ளையார்

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு மேல்மாடியில் ஓர் ஆங்கிலேய ஓவியர் இருக்கிறார். எண்பது வயது தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் கடற்கரை ஊரொன்றில் இறைச்சிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். இறைச்சி சுற்றுகிற தாளில் கோழியும் பன்றியும் கீறித் திரிந்த பிள்ளையைத் தகப்பன் ஏசி ஏசியே ஓவியப் பள்ளியில் சேர்த்துவிட்டாராம். அங்கே மொன்றியலில் இருந்து படிக்க வந்த பெண்ணை விரும்பி, அவர் பின்னாலேயே இங்கே வந்துவிட்டார். பிறகு நாற்பது வருடம் சிறுவர் புத்தகங்களுக்கும் பாடநூல்களுக்கும் படம் வரைந்தார். நேரம் கிடைத்தால் ஆற்றங்கரைக்குப் போய்த் தனக்காகவும் வரைவார். என் மகள் முதலாம் வகுப்பில் பிரெஞ்சு படித்த புத்தகத்தில் குடை பிடித்த வாத்து ஒன்று இருந்தது. அது அவர் கீறியது என்று தெரிந்த அன்றே, மகள் படியேறிப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

மனைவி காலமான பிறகு அவர் தூரிகையைத் தொடவில்லை. பதிப்பகமும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. மூன்று வருடம் அப்படியே போயிற்று. கேட்டால், "கைக்கு மறந்துவிட்டது" என்பார்.

போன மாரிக் குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து எங்கள் சாமி அறைப் பிள்ளையார் படம் ஊறிப் போயிற்று. என் மனைவி அழுதுகொண்டே அதை வெளியே கொண்டுவர, படியில் நின்றவர் பார்த்துவிட்டார்.

"நான் ஒன்று வரைந்து தரட்டுமா?"

கடையில் நல்ல படம் வாங்கலாம்தான். ஆனால் இவர் வாயில் அந்தச் சொல்லை வரவைத்தது பிள்ளையார் அல்லாமல் வேறு யார்? சரி என்றேன்.

எதையும் கண்ணால் பார்த்துத்தான் வரைவது அவர் பழக்கம். யானைத் தலைக்கு அவரிடம் படங்கள் இருந்தன. எப்படி உட்காருவார் என்று மட்டும் என்னைக் காட்டச் சொன்னார். பூசை முடித்த கையோடு வெறும் மேலும் வேட்டியுமாகப் போய்ச் சப்பாணி கட்டி இருந்தேன். மூன்று சனிக்கிழமை. காலை மடிக்கிற விதத்தைப் பார்க்கிறார் என்று நம்பி, வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் சனி கீறுவதும் அழிப்பதுமாக இருந்தார். மூன்றாம் சனி விசிலடித்தார்.

படத்தை அவரே கீழே கொண்டுவந்து கதிரையின் முதுகில் சாத்தி வைத்தார். அந்த முகத்தைக் கண்டதும் கைகூப்பிவிட்டேன். என் மனைவி கூப்பின கையால் வாயைப் பொத்தினாள்.

"இஞ்சரப்பா, இது உங்கட வண்டி வயிறெல்லோ!"

"விசர்க் கதை கதையாதையும்."

"வடிவாப் பாருங்கோ. பித்தப்பைக் கல்லுக்கு வெட்டின தழும்பும் கிடக்கு!"

கிடந்தது. வலது விலாவுக்குக் கீழே, சரிவாக, என் வயிற்றில் உள்ளபடியே. தொப்புளும் என்னுடையதுதான்.

தமிழ் விளங்காத மனிதர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பிழையா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

என் வயிற்றுக்கு நானே பூப்போட்டுக் கும்பிடுவதா? திருப்பிக் கொடுத்தாலோ, அந்தத் தூரிகை இனி எழும்பாது.

"வேண்டாமெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ," என்று என் மனைவி மெல்லச் சொன்னாள். "மனுசன் இப்பதான் விசிலடிக்குது."

பிள்ளையாரப்பா, நீயே வழிகாட்டு என்று படத்தைப் பார்த்தபடி நின்றேன். அப்போதுதான் மோதகக் கதை ஞாபகத்துக்கு வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். பிள்ளையார் வயிறு முட்ட மோதகம் தின்றுவிட்டு எலியில் ஏறிப் போகிறார். வழியில் பாம்பைக் கண்டு எலி வெருள, விழுந்து வயிறு வெடிக்கிறது. சிந்தின மோதகத்தையெல்லாம் பொறுக்கி உள்ளே போட்டு, அந்தப் பாம்பையே பிடித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுகிறார். நான் விழுந்தும் காட்டினேன்.

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"இதை ஏன் முதலே சொல்லவில்லை? மூன்று சனிக்கிழமை கதையே இல்லாமல் உங்கள் வயிற்றைப் பார்த்திருக்கிறேன்! நான் கதைக்குப் படம் போடுகிறவன்!"

படத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். இரண்டு நாளில் பாம்பு வந்தது. பச்சைப் பாம்பு, மோதக வாசத்தில் அரைக்கண் மூடியபடி. தழும்பு மறைந்துவிட்டது, நுனி மட்டும் எட்டிப் பார்த்தது.

"வெடித்த வயிற்றில் அடையாளம் இருக்கத்தானே வேண்டும்?" என்றார். சாமி கதை சொன்ன வாயால் எப்படி மறுப்பது?

நல்ல நாள் பார்த்து ஐயரை அழைத்தோம். தீபம் காட்டி முடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வயிறு நல்ல லட்சணமா அமைஞ்சிருக்கு," என்றார்.

என் மனைவி அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

ஓவியர் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து மோதகம் சாப்பிட்டார். மூன்றாவதைக் கடித்தபடி படத்தைக் காட்டி, இவருக்குச் சகோதரர்கள் உண்டா என்று கேட்டார். தம்பி ஒருவர், ஆறு முகம் என்றேன்.

"ஆறா! பார்த்து வரைய ஆறு பேருக்கு எங்கே போவது?"

சட்டியோடு வந்த என் மனைவி தமிழில் சொன்னாள்: "வேற ஆக்கள் என்னத்துக்கு? விடிய எழும்பினா இவரே ஆறு மூஞ்சையும் காட்டுவார்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை பூசை முடித்து மேலே போனேன். ஆறு வெள்ளைத் தாள்கள் சுவரில் வரிசையாகக் குத்தியிருந்தன. தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"முதலில் கதை," என்றார்.