புகையில் காய்ந்த தலைக்கவசம்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மலாயாவில் பத்து பாகாட் ஊரின் குத்துச்சண்டைக் கொட்டகையில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரே தோல் தலைக்கவசத்தைத் துடைத்து, நிழலில் காயவைத்து, எண்ணெய் தடவுவது என் வேலை. அந்த அடைமழையில் அது காயவே இல்லை.

"ரப்பர் ஷீட்டே புகைக்கூட்டில் காயுது, இது காயாதா மச்சான்?" என்று, அங்கே சண்டை பழகிய என் மனைவியின் தம்பி அதை ரப்பர் தோட்டத்துப் புகையறைக்குக் கொண்டுபோனான். மறுநாள் அது கொட்டாங்கச்சியாய் விறைத்துத் திரும்பியது. அவன் புருவக் காயம் அப்போதுதான் மூடியிருந்தது. மாலைப் பயிற்சியில் அதைக் காக்க வேறு கவசம் இல்லை. பகலெல்லாம் எண்ணெய் தேய்த்து, உள்ளே பழைய வேட்டித் துணி வைத்துத் தைத்தேன்.

"கருவாட்டுக் கூடையில தலையை விட்ட மாதிரி இருக்கு," என்றான், அதை மாட்டிக்கொண்டு.

நெற்றியில் குத்து விழுந்தும் காயம் பிரியவில்லை. வேர்வை சொட்டச் சொட்டக் கழற்றி என்னிடம் நீட்டினான். மழை விடவில்லை. மறுபடி துடைக்க உட்கார்ந்தேன்.

எழுதியது: 1938, மாசி 4.