ஜனவரி பத்தொன்பதாம் தேதி வாத்துக் கணக்கு

2025 ஜனவரி 5 – 412
ஜனவரி 12 – 431
ஜனவரி 19 – 0
ஜனவரி 26 – 38

அச்சன்புதூர் குளத்தில் லோகநாயகி எண்ணி எழுதிய ஊசிவால் வாத்துகள் இவை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் இவற்றை ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு எண்ணுவார். முப்பத்திரண்டு ஆண்டு சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். ஊருக்கு இன்றும் சத்துணவு டீச்சர்தான். பந்தியில் பிள்ளைகளை எண்ணிய மாதிரியே வாத்துகளையும் ஐந்து ஐந்தாக எண்ணுவார். இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை. ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறை. எழுதுவது பழைய வருகைப் பதிவேட்டில். ஊசிவால் வாத்துக்கு அதில் வரிசை எண் ஏழு.

பத்தொன்பதாம் தேதிப் பூஜ்யத்துக்குக் காரணம் பறவைகள் விழிப்புணர்வு விழா. அன்று மட்டும் எண்ணிக்கையை, சிறப்பு விருந்தினர் முன்னிலையில் என்று, காலை பத்து மணிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் விஜயசங்கர் தலைமையில் ஒரு குழு, ‘பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்’ என்று குளக்கரையில் பதாகை கட்டி, அதன் இருபுறமும் ஒலிபெருக்கி வைத்தது.

லோகநாயகி முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார். “அண்ணாச்சி, கூட்டத்தை ஸ்கூல்ல வச்சுக்கிடுங்க. பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக் கரைக்குக் கூட்டிட்டு வாங்க. சத்தம் கேட்டா வாத்து நிக்காது.”

“சிறப்பு விருந்தினருக்கு ஒரு மரியாதை வேண்டாமா, டீச்சர்?” என்றார் விஜயசங்கர்.

மரியாதை, செங்கோட்டைக்கு அப்பால் மலை தாண்டி, செண்டை மேளமாக வேனில் வந்து இறங்கியது. 8.10க்கு முதல் அடி விழுந்தது. 8.11க்குக் குளம் காலி. 9.40க்கு வந்த விருந்தினர், மூடி கழற்றாத பைனாகுலரில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அற்புதம்” என்றார். பிள்ளைகளுக்குக் காட்ட மிஞ்சியது எருமை மேல் உட்கார்ந்திருந்த ஒரு கொக்குதான். அதற்குக் காது மந்தமோ என்னவோ.

விழா அறிக்கையோடு எண்ணிக்கைத் தாளும் வனத்துறைக்குப் போக வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் லோகநாயகி. அன்றைக்கு வாத்து இருந்ததாக எழுதினால், அடுத்த ஆண்டும் மேளம் அதே கரைக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் விஜயசங்கர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நானூறுன்னு போட்டுருங்க, டீச்சர். போன வாரம் இருந்துச்சுல்லா?”

“இருந்துச்சு. நேத்து மேளத்தக் கேட்டுட்டுப் போயிட்டு.”

“ஒரு நூறாவது போடுங்களேன். நம்ம ஊருக்குல்லா கேவலம்!”

“அறுபத்தோரு பிள்ள சாப்பிட்ட அன்னைக்கு அறுபத்திரண்டுன்னு எழுதச் சொன்னாரு ஹெட்மாஸ்டர். அவருக்கே எழுதல. உங்களுக்கு எழுதுவனா? வந்த கூட்டம் எவ்வளவுன்னு கேளுங்க, சொல்லுதேன். இருநூத்திப் பதினாலு.”

மதில் மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி, “செண்டைக்காரங்களயும் சேத்து எண்ணிருங்க அண்ணாச்சி. அவங்களும் வெளியூர்லருந்து பறந்து வந்தவங்கதான!” என்றார்.

பூஜ்யத்தோடுதான் தாள் போயிற்று. அதன்பின், அடுத்த விழாவைக் கரையில் வைக்க வேண்டாம் என்று லோகநாயகி குழுவுக்கு மூன்று கடிதம் எழுதினார்: பிப்ரவரி 3, ஜூன் 16, நவம்பர் 10. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு வந்தது:

‘தாங்கள் அளித்த எண்ணிக்கையின்படி, மேற்படி குளம் பறவைகள் தங்கத் தகுதியற்றது எனக் குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது. ஆகவே அடுத்த விழா, ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குறைந்தபின், 25.1.2026 அன்று குற்றாலத்தில் குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் நடைபெறும். செண்டை மேளம் உண்டு.’

லோகநாயகி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஞாயிறு இல்லாத நாளாயிற்றே என்றும் பாராமல் குளத்துக்குப் போனார். இடமிருந்து 164. வலமிருந்தும் 164. தகுதியற்ற குளத்தில் இத்தனை இருக்கின்றன என்று குழுவுக்கு ஒரு திருத்தம் எழுத வேண்டியதுதான் முறை. பதிவேட்டைத் திறந்தார். பிறகு வாழ்நாளில் முதல்முறையாக, கண்ணுக்குத் தெரிந்த ஒரு தவறைத் திருத்தாமல் விட்டார். ஏழாம் வரிசையில் 164 போட்டு, ஓரத்தில் எழுதினார்:

கடைசிக் கடிதம் வந்த நாள், 2025 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை.