பஞ்சு மெத்தைக் கோதா

மகனின் தலையணை இன்று கிழிந்து இலவம்பஞ்சு மணத்தபோது, இடித்துவிட்ட எங்கள் பெரம்பலூர் வாடகை வீட்டின் மொட்டைமாடியும், கேபிள் டிவியில் பெரிய மல்யுத்தப் போட்டி முடிந்த கையோடு அங்கே மெத்தையை விரித்து, நாற்காலிகளைச் சுற்றிக் கொடிக்கயிறு கட்டி, விழுந்தவனுக்குத் தரையைத் தட்டித் தட்டி எண்ணும் அவன் சிறுவயதுக் குரலும் திரும்பி வந்தன.

"டிவில விழுந்தவருக்கு முதுகு ஒடஞ்சிருச்சுப்பா!"

"எல்லாம் நடிப்புடா, லூசு."

ஒருநாள் நாற்காலியிலிருந்து குதித்தவன் எழவில்லை.

"எந்திரிக்க முடியலப்பா."

"நடிக்காதடா" என்று சிரித்தபடி கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினேன். அப்படித் தூக்கியிருக்கவே கூடாது என்றார் டாக்டர்.

அவனுக்கு இப்போது தலை நரைக்கிறது. நான்தான் புரட்டிப் படுக்கவைக்கிறேன். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்லப்பா" என்று சிரிக்கிறான். அது நடிப்பு என்று எனக்குத் தெரியும்.