பெரிய வாளியில் கொஞ்சம் பியர்

மாலை ஐந்தே கால். கதவுத் துளையில் முதலில் தெரிந்தது வீட்டுக்காரரின் நீலத் தொப்பி.

வெளிநாட்டில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் என்னுடன் தங்கியிருந்த சிவா அண்ணை, கலியாண வீட்டுக்கே போதுமான, பியர் காய்ச்சும் பழைய வாளி ஒன்றை வாங்கியிருந்தார். அதன் அடியில், இஞ்சி போட்டு அவரே காய்ச்சிப் பார்த்த கொஞ்சம் பியர் நுரைத்துக்கொண்டிருந்தது. ஊரில் வீட்டில் காய்ச்சினால் பொலிஸ் வரும். இங்கே எங்கள் அகதி விசாரணை முடியவில்லை.

“அண்ணை, மணம் கீழ போயிட்டுது. எங்களைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்!”

“கத்தாதை, விசரா! நான் ஊத்திப்போட்டு வாறன், பேந்து திற.”

குளியல் தொட்டியில் கொட்டும் சத்தம் ஓய்ந்ததும் திறந்தேன். வீட்டுக்காரர் மணத்தைப் பிடித்து நேரே குளியலறைக்குப் போனார். வாளியின் அடியில் மட்டும் ஒட்டியிருந்த நுரையைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். தானும் வீட்டில் காய்ச்சுவதாகவும், இங்கே அது குற்றமில்லை என்றும், இவ்வளவு பெரிய வாளியில் கொஞ்சமாக வைத்தால் காற்றுப் பட்டுப் புளித்துவிடும் என்றும் சொன்னார். அண்ணை தொட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு சிறிய வெற்றுக் கண்ணாடிச் சாடி இருந்தது.