பால் வடியும் முகம்

எனக்குப் பேய் பயம் கிடையாது என்று இந்தப் பத்தியில் எத்தனை தடவை அளந்திருக்கிறேன்!

போன வாரம் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். அங்கே கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் என் சிநேகிதர் சதாசிவத்தோடு, விடிந்தும் விடியாத பனியில் நடந்துகொண்டிருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு மரம் என்னைப் பார்த்தது.

ஆமாம்… பார்த்தது. பட்டையில் உளியால் மூன்றே வெட்டு. இரண்டு கண், இறுக மூடிய ஒரு வாய். கண்களிலிருந்து வெள்ளையாகப் பால் வழிந்தது. அடியில் பால் பிடிக்கும் மங்கு இல்லை. பால் மண்ணில் சொட்டியது. இடுப்பில் மஞ்சள் துணி வேறு!

"இந்த மொகம் மருதை செத்த மறுநாள் வந்துச்சுப்பா," என்றார் சதாசிவம். குரல் இறங்கிவிட்டது.

பால் வெட்டும் மருதைக்குக் கடும் காய்ச்சல். கங்காணி பாயிலிருந்து இழுத்துவந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிறுத்தினார். இந்த மரத்தடியில்தான் விழுந்து செத்தான். முகத்தைக் கண்ட துரை, மரத்தையே வெட்டச் சொன்னார். கோடரியோடு வந்த கங்காணி நடுங்கிப்போய்த் துணி கட்டிக் கற்பூரம் காட்டிவிட்டார். சாமியாகிவிட்ட மரத்தை அப்புறம் எவன் வெட்டுவான்?

வெட்டு காய்ந்தால் பால் நின்றுவிடும். ஆனால் இது தினமும் அழுகிறதாம்.

அப்போது மருதையின் மனைவி அஞ்சலை உளியோடு வந்தாள். எதிரே கங்காணி.

"ஒந் தம்பி எங்க? பெரட்டுல காணோம்?"

"காய்ச்சல் கங்காணி. எந்திரிக்க முடியல."

இவனையும் இழுத்து வருவாரா? கங்காணி லயத்துப் பக்கம் ஓர் அடி வைத்தார். மரத்தைப் பார்த்தார். நின்றார்.

"படுத்திருக்கட்டும்," என்று வந்த வழியே திரும்பிவிட்டார்.

எஸ்டேட் கொடுமை பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். ஒரு நோயாளியின் பாயையாவது காப்பாற்றியிருக்கிறேனா? இங்கே மூன்று வெட்டு காப்பாற்றிவிட்டது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்தான்.

அஞ்சலையிடம் மெல்லக் கேட்டேன். "தினமும் யாரும்மா இதைக் கீறுறது?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "நாங்கதாங்க, மொற வச்சு."

"இன்னைக்கு?"

"எம் மொறதாங்க. தம்பிக்குக் கஞ்சி வச்சதுல நேரமாயிருச்சு. இப்பதான் வர்றேன்…"

சொல்லிக்கொண்டே மரத்தைப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள். கண்களில் பால் வழிந்துகொண்டிருந்தது.

முதல் வரியில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.