மலிவுப் பதிப்பில் பதினாறு பக்கம்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் நான் வாழ்க்கையில் முதல் நாவலைக் கையில் எடுத்தேன். அதுவரைக்கும் எனக்கும் புத்தகத்துக்கும் இருந்த சம்பந்தம், அவள் வாங்கி வந்ததைக் கிண்டல் செய்வது மட்டும்தான். வெள்ளகோவிலில் கொப்பரை காயவைக்கும் களம் நடத்துகிறவனுக்கு மழை வருகிறதா என்று வானத்தைப் பார்க்கவே நேரம் போதாது, இதில் புத்தகத்தை எங்கே பார்ப்பது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் அப்படியில்லை. கோயமுத்தூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் திரும்பும்போது பையில் ஒரு மலிவுப் பதிப்பு இருக்கும். நூறு வருடத்துக்கு முன்னால் எந்தத் தேசத்துக்காரரோ எழுதியதை யாரோ தமிழில் பெயர்த்து, சாணித்தாளில் பொடி எழுத்தாக அச்சடித்து, முதுகில் பசை தடவி ஒட்டிய புத்தகங்கள். கெட்டி அட்டை போட்டதை அவள் தொடவே மாட்டாள். "அது ஒண்ணு வாங்கற காசுக்கு இதுல நாலு வாங்கலாமுங்க. உள்ளாற இருக்கறது அதே கதைதானுங்களே" என்பாள். "இந்த வெலைக்குக் குடுத்தா எவனுக்குக் கட்டும்? பாதிக் கதையத்தான் போட்டிருப்பான்" என்பேன் நான். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். அந்த அலட்சியம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு காலையில் சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாசம் வந்தது. போய்ப் பார்த்தால் அவள் தரையில் கிடந்தாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாக நின்றுபோனது.

கால் போனால் போகட்டும், தூக்கிக் குளிப்பாட்ட எனக்குத் தெம்பு இருந்தது. என்னைத் தின்ற பயம் ஒன்றே ஒன்றுதான். நான் பேசுவது அவளுக்குப் புரிகிறதா, இல்லை வெறும் உடம்புக்குத்தான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேனா? கையைப் பிடித்து ஏதாவது கேட்டால் ஒரு நாள் லேசாக அழுத்துவாள். மறுநாள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டரிடம் கேட்டதற்கு, "இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுங்க, பொறுத்துப் பாக்கலாம்" என்றார். கோயமுத்தூரில் குடியிருக்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். ஒருமுறை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் அம்மாவிடம் பேசிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு ஒண்ணும் புரியலீங்கப்பா. நீங்களா எதாச்சும் நெனச்சுக்காதீங்க" என்றாள். "நீ என்ன பெரிய டாக்டரா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்றுதான் அவ்வளவு கோபம்.

இதற்கு மேல் இன்னொரு பயத்தையும் கொடுத்து அனுப்பியிருந்தார் டாக்டர். "மூணு மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவ வரலாமுங்க. வாய் கோணினாலோ, கை இழுத்தாலோ, திடீர்னு மொரண்டு புடிச்சாலோ யோசிக்காம கூட்டிட்டு வந்துருங்க" என்றார். அன்றிலிருந்து அவள் கொட்டாவி விட்டால்கூட ஓடிப்போய் வாயைப் பார்ப்பேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பெண் வருவார். அம்மாவுக்குப் பிடித்ததை வாசித்துக் காட்டுங்கள், பதிலை எதிர்பார்க்காதீர்கள், குரல் காதில் விழுந்துகொண்டிருக்கட்டும் என்றார் அவர். அலமாரியில் இருந்ததிலேயே தடியான புத்தகத்தை எடுத்தேன். அடிக்கடி தேட வேண்டாமே என்ற சோம்பேறித்தனம்தான். கடைசியாகப் போன கல்யாணத்தில் வாங்கியது, அவள் இன்னும் பிரிக்கக்கூட இல்லை.

தினமும் காலைக் கஞ்சி முடிந்ததும் தொண்டை வறளும்வரை வாசிப்பேன். கொப்பரை ஏலத்தில் விலை வாசிக்கிற குரல்தான் எனக்குத் தெரிந்த குரல், அதிலேயே வாசித்தேன். வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் 'அந்த ஆளு' என்றும் 'இந்தம்மா' என்றும் மாற்றிக்கொண்டேன். கண் வரியில் ஓடும், நினைப்பு முழுக்க அவள் வாய் கோணுகிறதா என்பதில் இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வரிகூட என் மண்டையில் ஏறவில்லை. பெரிய பண்ணை வீட்டில் ஒரு விருந்து, மேசைக் கடைசியில் ஓர் ஏழைப் பெண், எல்லோருக்கும் சூப் வருகிறது. இவ்வளவுதான் ஞாபகம்.

ஆறாம் நாள் காலை, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து பக்கத்தைத் திருப்பி ஆரம்பித்தேன். மறுபடியும் சூப் வந்தது. நேற்றுத்தானே குடித்தார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. பணக்காரர்கள், தினமும் குடிப்பார்கள், நமக்கென்ன என்று மேலே போனேன்.

இரண்டு பக்கம் போயிருப்பேன். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வாசிப்பைக் கேட்டால் அமைதியாகிவிடுவாள் என்று நினைத்து இன்னும் சத்தமாக வாசித்தேன். இடது கையைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் அடித்தாள். பிறகு புத்தகத்தையே அடித்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தது. வந்துவிட்டது, இரண்டாவது தடவை வந்தேவிட்டது என்று நினைத்தேன். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன்.

காங்கேயம் தாண்டும்வரைக்கும் அவள் அடங்கவில்லை. இடது கையை என் அக்குள் பக்கமே நீட்டி நீட்டிப் பிறாண்டினாள். உயிர் போகிற பயத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்து, "இங்கதான் இருக்கறேன் புள்ள, எங்கயும் போகல" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டியில் இருந்த உதவியாளர், "ஐயா, கையப் புடிங்க, டிரிப்ஸ் ஊசி கழண்டுரும்" என்றார். பிடித்தேன். அவர் பேண்டேஜ் துணியால் அந்தக் கையை ஸ்ட்ரெச்சர் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே கை அது. நான்தான் அழுத்திப் பிடித்துக் கொடுத்தேன். பல்லடத்தில் வண்டி நெரிசலில் நின்றபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மகள் ஓடி வந்தாள். வாசித்துக்கொண்டிருந்தபோது நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்றும் இல்லை என்றார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அடுத்து அவர் சொன்னதில் மறுபடியும் போனது. "இந்த மாதிரி காரணமில்லாம மொரண்டு புடிக்கறது நல்ல அறிகுறி இல்லீங்க. புரிஞ்சுக்கற தன்மை கொறைஞ்சுட்டு வருதுன்னு நெனைக்கறேன். அமைதியா இருக்க மாத்திர எழுதறேன். அந்த வாசிப்பையும் நிறுத்திருங்க" என்றார். மகள் என் தோளைத் தொட்டாள். நான் சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். புத்தகம் இன்னும் அக்குளில்தான் இருந்தது, அட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அவளை இப்படி ஆட்டிவைக்கிற அளவுக்கு இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்ற ஆத்திரத்தில் பிரித்தேன். சூப் வந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். முதன்முறையாக, அர்த்தம் புரிந்து, நிதானமாக வாசித்தேன். வாசித்துவிட்டுப் பின்னால் புரட்டினேன். அங்கேயும் அதே சூப். அதே பெண் அதே கரண்டியைக் கீழே போட்டாள். பக்க எண்ணைப் பார்த்தேன். தொண்ணூற்றாறுக்கு அடுத்து எண்பத்தொன்று இருந்தது. எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை பதினாறு பக்கத்தை இரண்டு தடவை வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவளுக்கு எந்த மொரண்டும் இல்லை. நேற்று வாசித்ததையே இன்றும் வாசிக்கிறாயே மடையா என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் கையைக் கட்டிக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன்.

ஓடிப்போய் டாக்டரிடம் புத்தகத்தை நீட்டினேன். நாக்குக் குழற விஷயத்தைச் சொன்னேன். அவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். நேரே அவளிடம் போய்க் கட்டை அவிழ்த்துவிட்டு, "அம்மா, ஆமான்னா கண்ண மூடுங்க, இல்லைன்னா தெறந்தே வைங்க" என்றார். இவர் உங்கள் வீட்டுக்காரரா? மூடினாள். நாம் இப்போது மதுரையில் இருக்கிறோமா? மூடவில்லை. இவர் ஒரே பக்கத்தை இரண்டு தடவை வாசித்தாரா? மூடினாள். அழுத்தி மூடினாள். மகள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் புத்தகத்தை ஒட்டியவர் எதிரே வந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

மாத்திரைச் சீட்டை மாற்றி வாங்க மகள் டாக்டரோடு போனாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். சந்தோஷத்தில் அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினேன். எல்லாம் புரிகிறது என்றால், இரண்டு மாதமாக எல்லாமே புரிந்திருக்கிறது. அவளுக்குக் காது இருப்பதையே மறந்துவிட்டு அந்தக் கட்டில் பக்கத்தில் நாங்கள் என்னென்ன பேசினோம்! போன மாதம் அவளைப் பார்க்க வந்த என் பங்காளியிடம், கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு, அவள் தலைமாட்டிலேயே நின்று நான் சொன்னேன்: "இப்பிடிக் கெடக்கறதுக்கு அன்னிக்கே போய்ச் சேந்திருந்தா அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

எத்தனையோ பேர் சலிப்பில் சொல்வதுதான். ஆனால் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள் அவள். முப்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவளிடம் அப்போது பயந்த அளவு நான் என்றைக்கும் பயந்ததில்லை. கேட்காமலே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டுதா புள்ள?"

எதை என்று நான் சொல்லவில்லை. அவளும் எதை என்று தெரியாமல் முழிக்கவில்லை. என்னையே பார்த்தாள். கண்ணை மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை. தப்பித் தவறி மூடிவிடக் கூடாது என்று, கண் சிவந்து தண்ணீர் வழிகிற வரைக்கும், அப்படியே திறந்து வைத்திருந்தாள்.