பள்ளத்தைத் தோண்டியவர்

மணல் திருடர்கள் விட்டுப்போன பள்ளத்தை மூட, குடவாசல் பக்கம் உள்ள எங்கள் வயலுக்கு ஒரு ஜேசிபி ஓட்டுநர் வந்தார். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. குளத்து வண்டலைக் கொட்டி நிரவும்போது அடிக்கடி இறங்கி, ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்ப்பார்.

"இந்தப் பள்ளத்தத் தோண்டுனதும் நான்தாங்க," என்றார் முதல் நாளே.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "அப்பறம் எந்த மூஞ்சியோட வந்தீங்க?"

"மூடுறதும் நானாத்தான் இருக்கணும்னு இந்த வேலையக் கேட்டு வாங்கிட்டு வந்தேங்க."

தக்கைப்பூண்டு விதைத்து, வளர்ந்ததும் உரமாக மடக்கி உழுதோம். அதன்பின் ஒரு காலையில் அவராகவே வந்து வயலைக் கிளறினார். திடீரென்று என்னை நோக்கி ஓடிவந்தார். உள்ளங்கையில் ஒரு மண்புழு!

"உசுரு வந்துடுச்சுங்க! இனி நெல்லு நிக்கும்!"

அவரை மன்னித்தேனா என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் அன்று சேற்றில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.